முன்கதவில் ஒட்டிய எண்

மக்கள் பதிவுத் துறையின் தலைமை அலுவலகத்தில் அந்த அம்மையாருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. முகத்துக்கு நேரே ‘மேடம்’. முதுகுக்குப் பின்னே ‘ஸ்டிக்கரம்மா’. இரண்டாவது பெயர் தம் காதில் விழாததுபோல் அவர் நடந்துகொள்வார். விழுந்திருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

அறை வாசலில் தொங்கிய பலகை அவரைத் ‘தகவல் தொழில்நுட்ப வளப் பிரிவுத் தலைவர்’ என்றது. அதைப் படித்துவிட்டு உள்ளே வருகிறவர்கள் கணினிகளோடு கலந்து பேசிக்கொண்டிருக்கும் ஒரு மேதையை எதிர்பார்ப்பார்கள். அவர்கள் காண்பதோ, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூன்றாம் மாடி அச்சுப்பொறிக்கு மை கேட்டு வந்த ஏழாவது கடிதத்தின் கீழே ‘இருப்பில் இல்லை, வந்ததும் வழங்கப்படும்’ என்று எழுதிக்கொண்டிருக்கும் ஐம்பத்தாறு வயதுப் பெண்மணியை. வளங்களை நிர்வகிப்பது என்றால் இருப்பதைப் பகிர்வது என்றுதான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் எண்ணியிருந்தார். இல்லாததை எல்லாருக்கும் மனம் நோகாமல் பங்கிடுவதே அந்த வேலை என்பது விளங்கப் பத்தாண்டுகள் பிடித்தன. அதன்பின் பதினாறு ஆண்டுகள் அதைச் செய்தார்.

பதினொரு கிளை அலுவலகங்கள். அறுநூற்று நாற்பது பொறிகள். ஒவ்வொன்றும் எந்த அறையில், எவர் பொறுப்பில், எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு இருப்புப் பதிவேட்டில் ஒரு வரி. அவருக்கு முன் இருந்தவர் காலத்தில் ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்ப்பு என்பது ஒரு பேரிடர். பொறியின் பின்புறத்தில் கம்பெனி பொறித்த எண்ணைப் படிப்பதற்காக ஒவ்வொன்றையும் சுவரிலிருந்து இழுப்பார்கள், கம்பிகள் கழன்றுவிடும், மூன்று மாதம் கழித்துச் சரிபார்ப்பு முடியும்போது பாதிப் பொறிகள் ஓடாது. அம்மையார் பொறுப்பேற்ற ஏழாம் ஆண்டில் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். ‘எல்லாப் பொறிகளின் இருப்பு எண்ணும், நின்ற நிலையில் படிக்கத்தக்கவாறு, முன்பக்கத்தில் ஒட்டப்படவேண்டும்’ என்பது அதன் சாரம். மஞ்சள் நிறத்தில் கறுப்பு எழுத்து. கிழித்தாலும் கிழியாத ஸ்டிக்கர். மூன்று மாத வேலை ஒன்பது நாளில் முடிந்தது. அன்று தொட்டு ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வோர் அறிக்கையின் அடியிலும் ‘அனைத்தும் சரி’ என்று எழுதிக் கையெழுத்திட்டு வந்தார். பிற துறையினர் வந்து சுற்றறிக்கையை நகல் எடுத்துப் போனார்கள். வாழ்நாளில் தாம் செய்த உருப்படியான காரியம் எது என்று யாரேனும் கேட்டால் அதைத்தான் சொல்லியிருப்பார். யாரும் கேட்டதில்லை.

வீட்டில் அவருடைய கணவர் மட்டும். ஒரே மகள் மணமாகி வெளிநாட்டில் இருந்தாள். கணவர், பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுத்து முப்பது ஆண்டுகள் பிழைத்தவர். ‘இந்த ஊர்ல பாதிப் பேர் என் பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறான்’ என்பது அவருடைய பெருமை. மயிரிழை பிசகாமல் பல் அடுக்கிய அந்தக் கைகள் மூன்றாண்டுகளாக நடுங்குகின்றன. தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் கோப்பைக்குக் குளிர்காய்ச்சல் வந்ததுபோல் இருக்கும். காலையில் அம்மையார்தான் அவருடைய சட்டைக்கு ஐந்து பட்டன்களும் போட்டுவிட்டுப் பேருந்துக்கு ஓடுவார். பட்டன் இல்லாமல் தலைவழியே மாட்டும் சட்டையொன்றை மகள் அனுப்பியிருந்தாள். ‘அது பனியன். யாராவது வந்தா பனியனோட நிக்கச் சொல்றியா?’ என்று அதை உறையிலிருந்தே எடுக்க விடவில்லை கணவர்.

ஒரு நாள் மாலை அம்மையார் வீடு திரும்பியபோது, கணவர் சன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை முன்பக்கம் முழுதும் ஈரம். நண்பகலில் தண்ணீர் குடிக்கும்போது கொட்டிக்கொண்டாராம். கழற்ற முடியவில்லை. ‘காத்தோட்டமா இருக்கு, நல்லாத்தான் இருக்கு’ என்றார். மறுநாளே அம்மையார் விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். நான்கு மாத அலைச்சலுக்குப் பிறகு ஆணை வந்தது. முப்பத்தொன்றாம் தேதி பிற்பகல் அவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார். ஆணையின் கடைசி வரி, அவர்மேல் துறை விசாரணை ஏதும் நிலுவையில் இல்லாதிருந்தால் மட்டுமே இது செல்லும் என்றது. அத்தகைய வரிகளை எல்லாரும் எப்படிப் படிப்பார்களோ அப்படித்தான் அவரும் படித்தார். வேறு யாருக்கோ எழுதியதுபோல.

தேதி பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை. இன்னும் பத்தொன்பது நாள். ‘இன்றைக்கு எதுவும் பழுதாகாமல் இருக்கட்டும், இறைவா’ என்பது பேருந்திலிருந்து இறங்கும்போது அவர் நாள்தோறும் செய்யும் வேண்டுதல். அதைவிடப் பெரிதாக எதையும் அவர் கேட்டதில்லை. அன்று அந்தச் சிறு வேண்டுதலும் எட்டவேண்டிய இடத்தை எட்டவில்லை.

பதினொரு மணிக்குச் சர்வர் அறையிலிருந்து விடாத கூவல் ஒன்று கேட்டது. இடுப்பளவு உயரமுள்ள கறுப்புப் பெட்டி அது; இருபத்து நான்கு டிஸ்க்குகள் கொண்ட சேமிப்புப் பொறி; மஞ்சள் ஸ்டிக்கரில் எண் 212. யார் பிறந்தார், யார் இறந்தார், யார் வீடு மாறினார் என்பதெல்லாம் அதற்குள்தான் இருந்தது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை இரண்டு. மனிதனுக்குச் சிறுநீரகம்போல, ஒன்று போனால் மற்றொன்று தாங்கும். ஒன்று போய்விட்டிருந்தது. மற்றொன்றும் போனால், கீழ்த்தளத்தில் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் காத்திருப்பவர்கள் வந்த வழியே திரும்பவேண்டியதுதான்.

பராமரிப்பு ஒப்பந்தம் பெற்ற கம்பெனியின் மெக்கானிக் பிற்பகலில் உதிரிப் பாகத்தை அட்டைப்பெட்டியில் சுமந்துகொண்டு வந்தார். டார்ச்சை வாயில் கவ்வியபடி பொறியின் பின்னால் நுழைந்தார். 

“மேடம், ஒரு நிமிஷம் பின்னாடி வர்றீங்களா?”

சுவருக்கும் பொறிக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கத்தான் இடம் இருந்தது. அம்மையார் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உள்ளே போனார். மெக்கானிக் வெளிச்சம் காட்டிய இடத்தில், தூசிக்கு அடியில், கம்பெனி பொறித்த எண் இருந்தது. அதைச் சொல்லச் சொல்ல, வெளியே நின்ற ஸ்டோர்கீப்பர் பதிவேட்டில் தேடினார். 212-க்கு எதிரே அந்த எண் இல்லை. பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். 118-க்கு எதிரே இருந்தது. 118-இன் வரி சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, ‘பயனற்றதெனக் கண்டம் செய்து அகற்றப்பட்டது’ என்று மூன்று கையெழுத்துகளோடு முடிந்திருந்தது. நான்காண்டுகளுக்கு முந்தைய தேதி. முதல் கையெழுத்து அம்மையாருடையது.

“இது எங்க ஒப்பந்தத்துல இருக்கற மெஷின் இல்ல மேடம்,” என்றார் மெக்கானிக். “இதுக்கு வயசு பதினொண்ணு. நான் ஸ்பேர் போட்டா என் வேலை போயிடும்.”

நடந்தது என்ன என்பது மூவருக்கும் ஏறக்குறைய ஒரே கணத்தில் விளங்கியது. நான்காண்டுகளுக்கு முன் சர்வர் அறைக்கு வண்ணம் பூசினார்கள். அப்போது அங்கே ஒரே கம்பெனியின் ஒரே மாதிரிப் பொறிகள் இரண்டு இருந்தன. ஒன்று கழிக்க வேண்டிய பழைய 118. மற்றொன்று மூன்றாண்டு கடிதம் எழுதி அப்போதுதான் வாங்கிய புதிய 212. ஓடிக்கொண்டிருந்த பழையதை அணைத்து, புதியதில் செருகுவதற்காக அதன் டிஸ்க்குகளை உருவி, அம்மையாருடைய அறையின் பீரோவில் பூட்டினார்கள். முன்கதவுகளில் பெயிண்ட் தெறிக்கக்கூடாதென்று அவற்றையும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். வேலை முடிந்ததும் ஸ்டோர்கீப்பர் கதவுகளை மாட்டினார். இரண்டு கதவுகளும் இரட்டைப் பிள்ளைகள்போல. எது எதற்குப் பொருத்தினாலும் பொருந்தும். ஸ்டிக்கரோ கதவில்தான் இருந்தது. டிஸ்க்குகளை 212 என்று எழுதிய பொறியில் செருகினார்கள், அது ஓடியது. 118 என்று எழுதிய பொறியை லாரியில் ஏற்றினார்கள், அது போயிற்று.

அதாவது, பாலிதீன் உறைகூட முழுதாகப் பிரிக்காத புதுப் பொறியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, ஆயுள் முடிந்ததைப் புதிது என்று நான்காண்டுகள் கொண்டாடியிருக்கிறார்கள். இடையில் நான்கு முறை சரிபார்ப்பு நடந்தது. நான்கு முறையும் முன்னால் நின்று மஞ்சள் எண்ணைப் படித்து ‘அனைத்தும் சரி’ என்று எழுதினார்கள். பின்னால் ஒருவரும் போகவில்லை. போகத் தேவையில்லாதபடி செய்ததுதான் அந்தச் சுற்றறிக்கையின் சிறப்பு.

மெக்கானிக் அட்டைப்பெட்டியை மூடினார். நல்ல மனிதர். “நான் இன்னைக்கு வரல மேடம். டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன். இன்னொரு பவர் சப்ளை ஒரு மாசமும் தாங்கலாம், ஒரு வருஷமும் தாங்கலாம்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டோர்கீப்பருக்கு நாற்பத்து நான்கு வயது. நடந்தால் இடுப்புச் சாவிக்கொத்து முன்னறிவிப்புச் செய்யும். அன்று மாடிப்படியில் அது ஓசையின்றி இருந்தது. கையால் இறுகப் பிடித்திருந்தார்.

“நீங்க முப்பத்தொண்ணாந் தேதி போயிடுவீங்க மேடம். நான் இன்னும் பதினாலு வருஷம் இங்கதான் சாவியை ஆட்டிக்கிட்டு இருக்கணும்.”

அம்மையார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

“கதவை மாட்டினது நான்தான். இல்லைன்னு சொல்லல. ஆனா கதவுலதான் ஒட்டணும்னு சொன்னது யாரு?”

“நான்தான்,” என்றார் அம்மையார்.

அந்த விடையை எதிர்பார்க்கவில்லைபோலும். ஸ்டோர்கீப்பர் அந்தப் படியிலேயே நின்றுவிட்டார்.

உண்மையை எழுதிக் கொடுத்தால் விசாரணை வரும். விசாரணை வந்தால் முப்பத்தொன்றாம் தேதி போய்விடும். எழுதாவிட்டால் ஒன்றுமே செய்யவேண்டாம். பொறி கூவுவதை நிறுத்தும் பொத்தான் ஒன்று இருந்தது, அதை அமுக்கினால் போதும். செவ்வாயன்று மாலை அம்மையார் அதை அமுக்கினார். புதனும் வியாழனும் தம் அறையிலேயே இருந்து பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலைத் தட்டச்சுச் செய்தார். அறுநூற்று நாற்பது வரிகள், இருபத்தெட்டுப் பக்கங்கள். அவருடைய இடத்துக்கு இன்னும் ஒருவரையும் நியமிக்கவில்லை. ஆகவே பொறிகளைப் பெற்றுக்கொள்பவர் ஸ்டோர்கீப்பர். ஒவ்வொரு பக்கத்திலும் ‘நேரில் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்திடவேண்டும்.

முறை அப்படி. அந்த முறையையும் அம்மையார்தான் வகுத்திருந்தார். என்றைக்காவது இரண்டாவது பவர் சப்ளை போகும். யாராவது பின்னால் நுழைவார்கள். பட்டியலை எடுத்துக் கடைசியாகக் கையெழுத்திட்டவர் யாரென்று பார்ப்பார்கள். நேரில் சரிபார்த்தேன் என்று எழுதியவருக்குச் சொல்ல ஒரு சொல்லும் மிஞ்சியிராது.

வெள்ளிக்கிழமை ஸ்டோர்கீப்பர் எதிரே உட்கார்ந்து கையெழுத்திடத் தொடங்கினார். அவர் விரைவாகப் போடுகிறவர். எட்டுப் பக்கம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஒன்பதாம் பக்கத்தில் பேனா நின்றது. அந்தப் பக்கத்தின் நடுவில் இருந்தது 212. மின்விசிறியின் ஓசையும், கீழ்த்தளத்தில் டோக்கன் எண்களைக் கூப்பிடும் குரலும் மட்டும் கேட்டன. அவர் தலை நிமிரவில்லை.

“போடட்டுமா அக்கா?”

பதினான்கு ஆண்டுகளில் அவர் அம்மையாரை அப்படிக் கூப்பிட்டதில்லை. கெஞ்சலும் இல்லை, குத்தலும் இல்லை. போடு என்றால் போட்டுவிடுவார் என்பது தெரிந்தது. அதுதான் அம்மையாரை வாட்டியது. அவர் குத்திக் காட்டியிருந்தால் கோபத்தில் ‘போடு’ என்றே சொல்லியிருக்கலாம்.

“வெச்சிட்டுப் போப்பா. திங்கக்கிழமை பாத்துக்கலாம்,” என்று தாள்களை வாங்கி இழுப்பறையில் வைத்தார்.

சனிக்கிழமை காலை, பட்டன் போட்டுக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். கணவர் அறிவுரை சொல்லும் வழக்கமில்லாதவர். அதற்குப் பதிலாகத் தம் கதை ஒன்றைச் சொன்னார். தொழில் தொடங்கிய புதிதில், இரண்டு பேருக்குப் பல்செட் செய்து இரண்டு டப்பாக்களில் வைத்து, மூடிகளில் பெயர் எழுதியிருக்கிறார். கழுவித் துடைத்துத் திரும்ப மூடும்போது மூடிகள் மாறிப் போயின. முதல் ஆள் இரண்டாம் நாளே வந்து தாடையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார். மற்றவர் பத்து நாள் கழித்து வந்து, இவ்வளவு பாந்தமான பல் தமக்குப் பிறவியிலேயே வாய்த்ததில்லை என்று நன்றி சொன்னாராம்.

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“அந்த ஆள் வாயிலேர்ந்து கழட்டி வாங்கினேன். அழாத குறைதான் அவருக்கு. வேற என்ன செய்யறது? பல்லு இன்னொருத்தரோடதாச்சே.” கணவர் பட்டனுக்கு வாகாக மோவாயை உயர்த்தினார். “அப்புறம் மூடியில எழுதறதை விட்டுட்டேன். பல்லுக்கு உள்பக்கமே நம்பரைக் கீறிடுவேன்.”

மூன்றாவது பட்டன் துளையில் நுழையாமல் முரண்டு பிடித்தது. அம்மையார் அதனோடு நெடுநேரம் போராடினார்.  

ஞாயிறு பிற்பகல் அலுவலகக் குறிப்பை எழுதினார். ஒன்றரைப் பக்கம். நடந்ததை நடந்தபடி. கதவுகளை மாட்டியவர் பெயரை அதில் குறிக்கவில்லை. ‘கழற்றத்தக்க பாகத்தில் இருப்பு எண்ணை ஒட்டும்படி ஆணையிட்டவளும், பொறியின் உடலில் உள்ள எண்ணை ஒப்பிடாமல் ஒன்பது ஆண்டுகள் சான்றளித்தவளும் நானே’ என்று முடித்தார். எழுதி முடித்ததும் நெஞ்சில் பாரம் இறங்கும் என்று எண்ணியிருந்தார். இறங்கவில்லை. கழுத்துதான் வலித்தது.

திங்களன்று இயக்குநர் அறைக்குப் போனார். இயக்குநர் கோப்புகளுக்கு நடுவே வழுக்கைத் தலை மட்டும் தெரியும்படி உட்கார்ந்திருந்தார். தாளின் முதல் நான்கு வரிகளில் கண்ணை ஓட்டிவிட்டு, அதைக் கவிழ்த்து வைத்தார்.

“இதை நான் இன்னும் படிக்கல. இப்ப எடுத்துக்கிட்டுப் போனீங்கன்னா யாருக்கும் தெரியாது. உங்களுக்கு இன்னும் எத்தனை நாள்?”

“பதிமூணு சார்.”

“பதிமூணு நாள் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா உங்களால?”

“ஒப்படைப்புப் பட்டியல்ல ஸ்டோர்கீப்பர் கையெழுத்துப் போடணும் சார்.”

“போடட்டுமே.”

“போட்டா அவன் தலையில விழும். அவனுக்குப் பதினாலு வருஷம் இருக்கு.”

இயக்குநர் தாளைத் திருப்பி முழுதும் படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்திக்கொண்டார். அவருக்கும் இது ஒரு கோப்பு. இதற்கும் அவர் பதில் எழுதியாகவேண்டும். விசாரணைக்கு உத்தரவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். விடுவிப்பு ஆணை அதுவரை நிறுத்திவைக்கப்படும். இந்தத் துறையில் விசாரணை என்றால் ஒன்றரை ஆண்டும் ஆகலாம், இரண்டும் ஆகலாம். அம்மையார் தலையசைத்தார். இவ்வளவும் எதிர்பார்த்ததுதான். தவறிழைத்த நாற்காலியிலிருந்து எழுப்பி, எங்கேனும் ஒரு மூலையில், மை கேட்டு எவரும் வராத மேசையில் உட்கார்த்துவார்கள் என்பதும் அவருடைய எதிர்பார்ப்பில் இருந்தது. உள்ளூர அதை ஒருவகை ஓய்வாகவே கருதியிருந்தார். அப்படியானால் பிரிவை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டார்.

“யார்கிட்ட ஒப்படைக்கறது? நீங்கதான் பாத்துக்கணும். எந்த மெஷின் எங்க இருக்குன்னு வேற யாருக்குத் தெரியும்?” என்றார் இயக்குநர். சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வி அவருக்கே உறைத்தது. இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று மாலை வீட்டில் செய்தியைச் சொன்னபோது கணவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“எத்தனை நாளைக்கு?”

“ரெண்டு வருஷம் ஆனாலும் ஆகும்.”

“ம்,” என்றார் கணவர். நடுங்கும் வலக்கையை இடக்கையால் மூடிக்கொண்டார். 

செவ்வாயன்று இரண்டு ஆணைகள் வந்தன. ஒன்று, அம்மையாரிடம் விளக்கம் கேட்கும் குறிப்பாணை. மற்றொன்று, கண்டம் செய்யப்பட்ட 118 அகற்றப்பட்டதாகப் பிழையாகக் கருதப்பட்டதால் மீண்டும் இருப்பில் ஏற்கப்படுகிறது என்பது. செத்துப்போனதாக எழுதிய பொறிக்கு மூன்று வரியில் உயிர் வந்துவிட்டது. அவசரக் கொள்முதலில் பவர் சப்ளையும் வந்துவிடும். மெக்கானிக் தொலைபேசியில், “நாளைக்கு டிராஃபிக் இருக்காது மேடம், கண்டிப்பா வந்துடறேன்,” என்றார். இரண்டாவது ஆணையின் அடியில் இயக்குநர் தம் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார். எல்லாப் பொறிகளையும் பின்புற எண்ணைக் கொண்டு புதிதாகச் சரிபார்க்கவேண்டும்.

அன்றே தொடங்கினார்கள். பொறிகளை இழுக்கவேண்டாம் என்பதற்கு அம்மையார் ஒரு வழி கண்டார். கைப்பையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவருக்கும் பொறிக்கும் நடுவே நீட்டினால் எண் தெரியும். இடம் வலமாகத் தெரியும், அவ்வளவுதான். ஸ்டோர்கீப்பர் தரையில் மண்டியிட்டு டார்ச் அடித்தார். அம்மையார் மண்டியிட்டுக் கண்ணாடி பிடித்தார். எழும்போது இருவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். மாலைக்குள் நாற்பத்தொரு பொறிகள் முடிந்தன. அவற்றில் இரண்டுக்கு எண் மாறியிருந்தது. கழற்றத்தக்க மூடி எதிலெல்லாம் இருந்ததோ அதிலெல்லாம் ஐயம் இருந்தது.

“இந்த வேகத்துல போனா விசாரணை முன்னாடி முடிஞ்சிடும் அக்கா,” என்றார் ஸ்டோர்கீப்பர். சாவிக்கொத்து மறுபடி ஓசையிடத் தொடங்கியிருந்தது. அம்மையார் சிரிக்க எண்ணி, முழங்காலைத் தடவிக்கொண்டார். ஒப்படைப்புப் பட்டியலின் இருபத்தெட்டுப் பக்கங்களையும் அவர் அன்று பகல் கிழித்துப் போட்டிருந்தார். எட்டுக் கையெழுத்துகளும் அதோடு போயின.

புதன்கிழமை காலை, தேய்த்த சட்டையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு அம்மையார் கூடத்துக்கு வந்தார். கணவர் ஏற்கெனவே உடுத்தி நின்றிருந்தார். மகள் அனுப்பிய, பட்டன் இல்லாத அந்தச் சாம்பல் நிறச் சட்டை. உறை கிழிந்து நாற்காலியில் கிடந்தது. எத்தனை நேரம் அதனோடு மல்லுக்கு நின்றாரோ, நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. முன்னும் பின்னும் மாற்றிப் போட்டிருந்தார். பிடரியில் இருக்கவேண்டிய துணி லேபிள் தொண்டைக்குழிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது.

“என்ன பாக்கற? உன் சுற்றறிக்கைப்படிதான் போட்டிருக்கேன். ஸ்டிக்கர் முன்னாடி இருக்கா இல்லையா?”

அம்மையாருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நடுவழியில் வேறு ஏதோவாகத் திரும்பப் பார்த்தது. அதற்கு இடம் கொடுக்காமல், தேய்த்த சட்டையை நாற்காலி முதுகில் போட்டார்.

“கையைத் தூக்குங்க.”

கணவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். அவை காற்றில் நடுங்கின. தலைவழியே உருவி, திருப்பி, ஒரு கையை நுழைத்து, மறு கையைத் தேடிப் பிடித்து நுழைத்து, லேபிளைப் பிடரிப் பக்கம் தள்ளி, ஓரத்தை இழுத்துவிட்டார். ஐந்து பட்டன் போடும் நேரம் சரியாக ஆகியிருந்தது. கைப்பையைத் திறந்து கண்ணாடி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அம்மையார் பேருந்துக்குப் புறப்பட்டார்.